நான்காவது இல்லத்தில் ஐந்து விநாடி

அண்ணன் அனுப்பிய உறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே முப்பத்தொரு பக்க இசைக்குறிப்பு, அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு. "குட்டி, இது உனக்காக" என்று எழுதியிருந்தான். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அந்த மனிதனிடமிருந்து உனக்காக என்று ஒரு துரும்பு வந்ததில்லை. இப்போது வருகிறதென்றால் எதற்கோ அடிபோடுகிறான் என்று அர்த்தம்.

அவள் மரிம்பா வாசிக்கிறவள். பெயரைக் கேட்டதும் அது சாப்பிடுகிற சாமானா என்று கேட்டவர்கள் உண்டு. கட்டிலைவிட நீளமான ஒரு சட்டம், அதன்மேல் பெரிதிலிருந்து சிறிதாக அறுபத்தொரு மரக்கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தொங்குகிற ஒரு குழாய், அவ்வளவுதான் வாத்தியம். நுனியில் கம்பளிநூல் சுற்றிய கோல்களைக் கைக்கு இரண்டாகப் பிடித்து நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு குணம் உண்டு. அடித்த ஒலி தங்காது; இதோ என்று காதில் விழுவதற்குள் மரம் அதை விழுங்கிவிடும். ஒரு சுரம் நீள வேண்டுமென்றால் அதே கட்டையை விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு உருட்டு என்று பெயர். கேட்கிறவர்களுக்குத் தேன் வழிவதுபோல் இருக்கும், வாசிக்கிறவளுக்கு மணிக்கட்டு கழன்றுவிடும்.

அண்ணன் இசை எழுதுகிறவன். தொலைதூர நகரத்தில் இசைக் கல்லூரி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுக்கிறான், இரண்டு பரிசுகள் வாங்கியிருக்கிறான். சின்ன வயதில் வீட்டு வேலை என்றதும் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான் என்பதால் அம்மா அவனுக்கு வைத்த பெயர் சாமியார். பெயர் பலித்துவிட்டது. நாற்பது வயதுக்குமேல் தியானத்தில் இறங்கினான். பத்து நாள் யாரோடும் பேசாமல் உட்காருகிற ஓர் இடத்துக்கு மூன்று முறை போய்வந்தான். அம்மா நுரையீரல் கெட்டுப்போய் ஆறு வருஷம் படுத்திருந்தாளே, அந்த ஆறு வருஷத்துக்குள்தான் இந்த மூன்று முறையும். அம்மாவைப் பார்க்க அவனுக்கு லீவு கிடைத்தது மொத்தம் பதினொரு நாள்.

இசைக்குறிப்பின் முதல் பக்கத்தில் தலைப்பு இருந்தது. 'நான்கு இல்லங்கள்: மரிம்பாவுக்கு மட்டும்.' கீழே அவன் விளக்கம் எழுதியிருந்தான். பௌத்தர்கள் அன்பு குடியிருக்க நான்கு இல்லங்கள் சொல்கிறார்களாம். எல்லா உயிரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது மைத்திரி. துன்பப்படுகிறவரோடு சேர்ந்து மனம் கசிவது கருணை. அடுத்தவர் மகிழ்ச்சியில் மகிழ்வது முதிதை. எது வந்தாலும் எது போனாலும் பற்றில்லாமல் ஒரே சீராக அன்பு செலுத்துவது உபேட்சை. ஒரு வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கத் தெரியாத ஆள் நாலு இல்லம் கட்டியிருக்கிறானே என்று அவள் கூடத்தில் நின்று சத்தமாகவே சொன்னாள். கேட்க வீட்டில் யாரும் இல்லை. அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

வாசித்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மைத்திரி முழுக்க ஆறு நிமிஷம் உருட்டு. எல்லையில்லாத அன்பு என்று மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன, அவன் மணிக்கட்டா வலிக்கப்போகிறது என்று திட்டிக்கொண்டே வாசித்தாள். கருணை முழுவதும் தாழ்ந்த சுரம் தருகிற பெரிய கட்டைகளில் நடந்தது, வயிற்றில் அதிர்ந்தது. முதிதை துள்ளிக்கொண்டு ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. மட்டமாக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். படுபாவி நன்றாக எழுதித் தொலைத்திருந்தான்.

நான்காவது பகுதி இரண்டு வரி போவதற்குள் கை தானாக நின்றது. இது அவளுடையது. பாட்டுகூட இல்லை, காலையில் கை சூடேறுவதற்காக அவளே கோத்துக்கொண்ட ஒரு சுற்று. அடிக்கட்டையில் தொடங்கி, இரண்டு கையும் மாறி மாறி மேலே ஏறி, கடைசிச் சின்னக் கட்டையைத் தொட்டுவிட்டு இறங்கிவரும். ஒரு சுற்றுக்கு நாற்பது விநாடி ஆகும். அம்மா படுத்திருந்த ஆறு வருஷமும் தினம் காலையில் அதைத்தான் வாசித்தாள். வாத்தியக் குழுவில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, மதியம் மட்டும் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருந்தாள். கை மறந்துவிடக்கூடாது என்பதற்காக அந்தச் சுற்று.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இரவெல்லாம் இருமிவிட்டு அம்மா காலையில்தான் கண்ணயர்வாள். மரிம்பா சத்தம் அவளுக்குத் தொந்தரவு இல்லை. "நீ பாட்டுக்கு அடி, அதுலதான் எனக்குத் தூக்கமே வருது" என்பாள். வாசிப்பு நின்றுபோனால் விழித்துக்கொள்வாள். ஆனால் வாசித்துக்கொண்டிருந்தால் அம்மாவின் மூச்சு காதில் விழாது. நின்றால்தான் விழும், அறைக் கதவு திறந்திருந்ததால், மரத்தை இழைப்பதுபோன்ற அந்த இழுப்பு கூடம் வரைக்கும் கேட்கும். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம், அம்மாவின் அறைப் பக்கம், திருப்பி நிற்பாள். ஓர் இழுப்பு காதில் விழுந்ததும் அடுத்த சுற்று. ஒரு காலைக்கு முப்பது நாற்பது தரம் இப்படி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் ஃபோன் பண்ணுவான். அம்மா தூங்குகிறாள் என்று சொன்னால், எழுப்பாதே, நீ வாசி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் புத்தக அலமாரிமேல் வைத்துவிட்டு அவள் வாசிப்பாள். அவன் அங்கே காபி குடித்துக்கொண்டு கேட்பான். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, மனசு லேசாயிடுச்சு குட்டி என்று சொல்லி வைத்துவிடுவான். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் அதுதான் அவன் பங்கு. இழுப்புச் சத்தம் ஃபோனுக்கு எட்டாது. அவனுக்குக் கேட்டதெல்லாம் சுற்று, கொஞ்சம் அமைதி, மறுபடி சுற்று.

அதை அப்படியே எழுதி வைத்திருந்தான். சுற்று முடிகிற இடத்தில் அமைதியைக் குறித்து, அதன்மேல் முத்துமுத்தான கையெழுத்தில் வாசிப்பவருக்கு ஒரு கட்டளையும் போட்டிருந்தான்: 'ஐந்து விநாடி. அசைவில்லாமல். கேட்பதற்கு எதுவும் இல்லை.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். உச்சந்தலை கொதித்தது. கேட்பதற்கு எதுவும் இல்லையாம். கட்டு முழுவதையும் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரியில் செருகினாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் அதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சாமியார் ஏற்கெனவே ஒரு நகரமண்டபத்தில் பேசி முடித்திருந்தான், தேதியும் குறித்தாகிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் தனியாக மேடையேறப்போகிற முதல் கச்சேரி. ஆனால் அவள் ஒப்புக்கொண்டது கச்சேரிக்காக இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மன்னிப்பு வேண்டாம், அது அவனிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கேட்ட நிமிஷம் அவிழ்த்துக் கொடுப்பான். அந்த அமைதியில் அவள் எதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், கடைசி முறை நின்றபோது என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். ஃபோனில் சொன்னால் நழுவிவிடுவான். நேரில், முகத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்துத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு மாதம் வாசித்தாள். அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது அவன் விட்டுப்போயிருந்த பௌத்தப் புத்தகம் ஒன்றையும், குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே, வரி விடாமல் படித்தாள். சுற்று முடிகிற இடத்தில் ஒவ்வொரு தரமும் தலை இடப்பக்கம் திரும்பியது. காலியான அறை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கழுத்துக்குத் தெரியவில்லை.

கச்சேரிக்கு முந்தின நாள் பகலில் மண்டபத்தில் ஒத்திகை. முந்நூறு நாற்காலி, ஒன்றில்கூட ஆள் இல்லை. அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இளைத்திருந்தான், தாடி விட்டிருந்தான், அவளைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் விடாமல் நின்றான். அண்ணி நல்லவள். வந்ததும் மரிம்பாவின் ஒரு முனையைப் பிடித்து மேடையேற்ற உதவியவள் அவள்தான். அண்ணன் அப்போது மண்டபத்தின் எதிரொலியைக் கைதட்டிச் சோதித்துக்கொண்டிருந்தான்.

இருபத்துநான்கு நிமிஷம் வாசித்து முடித்தாள். அண்ணன் எழுந்து மேடையருகில் வந்தான், கண்ணெல்லாம் பளபளத்தது.

"அருமை குட்டி. ஒரே ஒரு விஷயம். அந்த அமைதி வர்ற இடத்துல தலையைத் திருப்புற. அது வேண்டாம்" என்றான். "அந்த இடத்துல நீ எதையுமே எதிர்பார்க்கல. எல்லாத்தையும் விட்டாச்சு. தலை அசைஞ்சா என்னமோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடுது."

"காத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் கோல்களைக் கட்டைகள்மேல் வைத்தாள். இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்த பேச்சு, ஆனால் வரும்போது ஒத்திகை பார்த்தபடி வரவில்லை.

"நீ ஃபோன்ல கேட்டது அமைதி இல்லண்ணா. அம்மாவுக்கு மூச்சு வருதான்னு கேட்டுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு சுத்துக்கும் நின்னேன். அந்த இழுப்பு காதுல விழுந்தாத்தான் அடுத்தது அடிப்பேன். ஆறு வருஷம். அதைப் போய் பற்றை விட்டது, கேக்க ஒண்ணும் இல்லன்னு எழுதி வச்சிருக்க."

அண்ணனின் முகம் மாறியது. மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அந்த ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு இளகியது. ஆகட்டும், இதுதான் நேரம், அந்தக் கடைசி ஞாயிறையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"குட்டி, இது நான் நினைச்சதைவிடப் பெரிசு" என்றான் அண்ணன். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். "நாளைக்குக் கச்சேரிக்கு முன்னாடி பேசுறப்ப இதைச் சொல்லியே ஆகணும். கேக்கிறவங்களுக்கு அந்த அஞ்சு விநாடி வேற மாதிரி ஆயிடும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது அவளுக்கு. ஆறு வருஷம் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடம், இந்த மனிதனுக்குப் பென்சிலால் குறித்துக்கொள்கிற விஷயமாகிவிட்டது. அம்மாவைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றாள். அவன், இதில் உனக்கு ஏன் இவ்வளவு கோபம், கோபம் உன்னைத்தான் சுடும் என்று இதமாகச் சொன்னான். அந்த இதம் இருக்கிறதே, அது எரிகிற தீயில் எண்ணெய்.

"உன் புத்தகத்தை நானும் படிச்சேன்" என்றாள். "நாலு இல்லத்துக்கும் பக்கத்துலேயே ஒரு எதிரி குடியிருக்கான்னு போட்டிருக்கு. பார்க்க அதே மாதிரி இருப்பானாம், ஆனா அது இல்லையாம். உபேட்சைக்குப் பக்கத்துல இருக்கிறவன் யாரு தெரியுமா? அலட்சியம். நீ வீடு மாறிப் போய் உக்காந்திருக்கண்ணா."

அண்ணி எழுந்து வந்துவிட்டாள். அவரும் மனசுக்குள் வேகிறார், காட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று நாத்தனாரின் தோளைத் தொட்டாள். அண்ணன் பென்சிலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவ எனக்கும் அம்மாதானே குட்டி" என்றான்.

"மூச்சு வருதான்னு பார்க்கிறப்ப எனக்கு மட்டும்தான் அம்மாவா இருந்தா."

மேடையில் அம்மா பெயர் வரக்கூடாது என்று மறுபடி சொன்னாள், அவன் தலையாட்டினான். சாமியார் தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி. மண்டபம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அவள் பக்கத் திரைக்குப் பின்னால் நான்கு கோல்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றான். அன்பின் நான்கு இல்லங்களை அழகாக எடுத்துச் சொன்னான். பேச்சில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாங்க அம்மாவைப் பார்த்துக்கிட்ட அந்த ஆறு வருஷத்துல" என்று தொடங்கினான்.

நாங்க. அவள் காதில் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் ஏறவில்லை. பெட்பேன் கழுவிய நாங்க. நடுச்சாமத்தில் ஆக்ஸிஜன் உருளையை மாற்றிய நாங்க. அம்மா ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கோபித்துக்கொண்டு படுத்திருந்தபோது சுவரோடு பேசிய நாங்க. மறுபடி காது திறந்தபோது அவன் முடித்துக்கொண்டிருந்தான். ஒரு தாயின் மூச்சுக்காகக் காத்திருந்த அந்த ஐந்து விநாடியில் விடுதலை என்றால் என்னவென்று நாங்கள் கற்றுக்கொண்டோம் என்றான். கூட்டம் உச்சுக் கொட்டியது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் இறங்கிப்போய் முன்வரிசையில், மேடையிலிருந்து பார்த்தால் இடது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் மேடைக்கு வந்தாள், கும்பிட்டாள், தொடங்கினாள். கோபம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மைத்திரியின் ஆறு நிமிஷ உருட்டு அவள் வாழ்நாளில் அவ்வளவு சீராக வந்ததில்லை. எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும், இடது ஓரத்தில் இருக்கிற ஓர் உயிரைத் தவிர என்று நினைத்துக்கொண்டே உருட்டினாள். கருணையில் நாற்காலிகள் அதிர்ந்தன. முதிதையை எழுதியிருந்ததைவிட வேகமாக வாசித்தாள். கூட்டம் முன்னால் சாய்ந்து கேட்டது.

நான்காவது வந்தது. அடிக்கட்டையில் தொடங்கி ஏறினாள், சின்னக் கட்டையைத் தொட்டாள், இறங்கினாள். சுற்று முடிந்தது. கோல்களைத் தூக்கிப் பிடித்தாள். தலையை இடப்பக்கம் திருப்பினாள்.

ஐந்து விநாடி ஆயிற்று. அவள் அடிக்கவில்லை.

அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டி முடிவு செய்திருந்தாளா என்றால், இல்லை. ஐந்து விநாடி என்று யார் சொன்னது என்று தோன்றியது, அவ்வளவுதான். அவள் எந்தக் காலத்தில் விநாடி எண்ணிக்கொண்டு நின்றாள்? கேட்கிற வரைக்கும் நிற்பாள். ஒன்றில் கேட்கும், மூன்றில் கேட்கும், சில நாள் பத்தில் கேட்கும். பத்து மாதத்துக்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை, கேட்கவில்லை.

அன்றைக்கும் அண்ணன் வழக்கம்போல் பத்து மணிக்கு ஃபோன் பண்ணினான். அம்மா தூங்குகிறாள் என்றாள், நீ வாசி என்றான். ஏழாவது சுற்றோ எட்டாவது சுற்றோ முடிந்து கோல்களைத் தூக்கிப் பிடித்துத் தலையைத் திருப்பினாள். இழுப்பு இல்லை. பத்து விநாடி, இருபது விநாடி, இல்லை. கோலைக் கீழே வைத்தால் அந்தச் சத்தத்தில் ஒரு மூச்சு தப்பிவிடுமோ என்று பயம். காலை எடுத்து வைத்தால் தரை முனகும். அலமாரிமேலிருந்து அண்ணன் குரல் வந்தது. "குட்டி? லைன் போச்சா?" என்றது. பதில் சொன்னால் தன் குரலில் அம்மாவின் மூச்சு மறைந்துவிடும். வாயைத் திறக்கவில்லை. "சரி, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். தோள் கழன்று விழுகிற வரைக்கும் நின்றாள். அறைக்குள் போய்ப் பார்த்தால் முடிந்துபோகும் என்று தெரிந்துதான் நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் ஃபோன் பண்ணி அம்மா போய்ட்டாண்ணா என்று சொன்னபோது, காலையில் லைன் கட்டாகிவிட்டது குட்டி என்றுதான் அவன் முதலில் சொன்னான்.

இப்போது மண்டபத்தில் அவள் அதே மாதிரி நின்றாள். அரை நிமிஷம் ஆகியிருக்கும். அண்ணன் முதலில் சிரித்தான். தங்கை தன் அமைதிக்கு அழுத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வேறு யாரோ முடிந்துவிட்டதென்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திக்கொண்டார்கள். பக்கத் திரைக்குள்ளிருந்து மண்டப மேலாளரின் தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு விரலை லேசாகத் தூக்கி, அடி, என்று சைகை காட்டினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் வலி தொடங்கியிருந்தது.

விரல் பாதியில் நின்றது. அவன் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துபோனது. இவ்வளவு நீளமான அமைதியை அவன் ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறான், எங்கே கேட்டான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால், நாற்பத்தொரு வருஷமாகக் கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? அண்ணி அவன் கையைப் பிடித்தாள், அவன் உதறினான். எழுந்து போய்விடுவான் என்று மேடையில் நின்றவள் எதிர்பார்த்தாள். போகட்டும், ஆனால் இருநூறு பேர் பார்க்க நடந்து போகட்டும் என்று நின்றாள்.

அவன் போகவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று பிற்பாடு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்; அவள் எண்ணவில்லை. கடைசியில் அடக்கி வைத்திருந்தது உடைந்து அவன் தொண்டையிலிருந்து வெளியே வந்தது. அழுகைகூட இல்லை. நெஞ்சு காற்றுக்குத் தவித்துக் கரகரவென்று உள்ளே இழுத்த ஓர் இழுப்பு.

அவளுக்குக் கேட்டது. கோல்களை இறக்கி அடுத்த சுற்றை அடித்தாள்.

அவன் கடைசி வரைக்கும் அழுதான். அழட்டும் என்று வாசித்தாள். கண்ணீர் மறைத்தது அவளுக்கும்தான், ஆனால் அறுபத்தொரு கட்டையில் ஒன்றைக்கூட அவள் தவறி அடிக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வரவேற்பறையில் ஆளாளுக்கு அந்த அமைதியைப் பற்றித்தான் பேசினார்கள். துணிச்சலான எழுத்து என்று ஒருவர் சொன்னார், தியானம் செய்தது மாதிரி இருந்தது என்று ஓர் அம்மாள் சொன்னாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு அவள் மேடைக்குத் திரும்பி, மரிம்பாவைக் கழற்றத் தொடங்கினாள். கட்டைகளைக் கயிற்றோடு பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி உறையில் போட்டாள். குழாய் வரிசைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

அண்ணன் படியேறி வந்தான். பக்கத்தில் நின்றான், எதையும் தொடவில்லை. முன்பக்கம் முழுக்க நனைந்திருந்த சட்டையைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

"அன்னிக்குத்தானா?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

"அப்பவே ஏன் குட்டி சொல்லல? நான் ஃபோன்லதானே இருந்தேன்?"

அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை.

"நீதான் வச்சிட்டியே" என்றாள்.